நெஞ்சு நோய் என்று சொன்னார்கள்

மூணாறு
18 ஆகஸ்ட் 1974

அன்புள்ள சபியாவுக்கு, ஸலாம்.

வந்து சேர்ந்தேன். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறினேன். மறையூர் தாண்டியதும் பிடித்த மழை இன்னும் விடவில்லை. உன் அண்ணன் மொய்தீன் பேசிவைத்தபடி பஜாரில் அவருடைய சொந்தக்காரர் பலசரக்குக் கடையில் வேலை. எஸ்டேட் ஆட்களுக்கு அரிசியும் பருப்பும் நிறுத்துப் போடுகிறேன். கடைக்கு மேலே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. முதலாளி என் கையில் கடைச் சாவி தருவதில்லை. அதையும் உன் அண்ணன்தான் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கு வருத்தமில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாரே, குடியை விட்டவர்கள் வாரம் ஒருநாள் கூடிப் பேசுகிறார்கள், மூணாறுப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்று. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த எஸ்டேட், யாரைப் பார்ப்பது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. தபால் ஆபீசில் விசாரித்தேன். பஜாரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒருவர் மைக் பிடித்துக் குடிகாரர்களைக் கிழி கிழியென்று கிழித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். டாக்டர் சொன்னது அது இல்லை. ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் கேட்டுப் பார்த்தேன். யாரிடம் போனாலும் முதலில் திருப்பிக் கேட்பது, "யாருக்கு?" தம்பிக்கு என்று சொல்லிவைக்கிறேன். எனக்குத் தம்பி இல்லை என்று இங்கே யாருக்குத் தெரியப் போகிறது.

வந்ததிலிருந்து தொடவில்லை. நீ நம்ப வேண்டாம். மும்தாஜிடம் மட்டும் சொல்.

சிக்கந்தர்


பாலக்காடு
5 செப்டம்பர் 1974

மும்தாஜின் அத்தாவுக்கு, சபியா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. அண்ணன் வீட்டில் பின்கட்டு அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் மகளும் அதில் இருக்கிறோம்.

தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குர்ஆன் மேல் கைவைத்து இதைச் சொன்னீர்கள். மும்தாஜின் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் என் அத்தா மவுத்தானார். மையத்தை அடக்க வந்த இடத்தில், கை கொடுத்து இறக்கக் குனிந்த நீங்கள் குடிபோதையில் தடுமாறிக் கபர்க் குழிக்குள் பாதி விழுந்தீர்கள். வந்தவர்கள் முதலில் உங்களைத் தூக்கி மேலே போட்டுவிட்டு அதற்கப்புறம் என் அத்தாவை உள்ளே இறக்கினார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை, நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். பார்க்காததால் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இல்லாத தம்பிக்குக் கூட்டம் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

மும்தாஜிடம் சொன்னேன். "சரிம்மா" என்றாள்.

சரக்கு லாரியில் கம்பளி கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் குளிரில் விறைத்துச் செத்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

சபியா


மூணாறு
28 அக்டோபர் 1974

சபியாவுக்கு,

பெருநாளைத் தனியாகக் கழித்தேன். அதைச் சொல்ல எழுதவில்லை. கூட்டம் கிடைத்துவிட்டது.

சூசையப்பன் என்று ஒருவர். மேல் டிவிஷன் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிறவர், வயது அறுபதை நெருங்கும். சாயங்காலமானால் கடைக்கு வந்து கடலைமிட்டாய் வாங்கிப் போவார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தராசு என் கையில் ஆடுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஆள் குறைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"பாய், இந்த முட்டாயி பேரப்புள்ளைக்குன்னு நெனச்சீகளா? எனக்குத்தான். சாராயக் கடை தொறந்து ஆளுக போற நேரம் வாயில எதையாச்சும் போட்டாத்தான் காலு அந்தப் பக்கம் போகாம இருக்கும்."

அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானாகவே எனக்குத்தான் என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூட்டிப் போனார். எஸ்டேட்டில் கிறிஸ்தவர்கள் கும்பிடும் வேதக்கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறை. ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒரு ஜீப் டிரைவர், ஒரு கணக்கப்பிள்ளை, மலையாளத்தில் மட்டும் பேசும் ஒரு வாத்தியார், வட்டவடையிலிருந்து கேரட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வரும் ஒரு விவசாயி. கெட்டிலில் பால் விடாத கட்டன் சாயா. ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று சொல்லித் தன் கதையைச் சொல்கிறார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. வட்டவடைக்காரர் பனியில் குழந்தையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய கதையைச் சொல்லி அழுதார். ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்வாராம். போன வாரம் சொன்னதுதானே என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

என் முறை வந்தது. பேரைச் சொன்னேன். மீதி வரவில்லை.

"பேரு போதும் பாய்" என்றார் சூசையப்பன். "மத்தது வர்ற அன்னைக்கு வரட்டும். இங்க சத்தியமெல்லாம் கெடையாது. இன்னைக்குப் பொழுதுக்குக் குடிக்காம இருக்கணும், அம்புட்டுத்தான். நாளைக்க பாட்டை நாளைக்குப் பாப்போம்."

அங்கே கேட்டதையும் வந்தவர்கள் பேரையும் வெளியே சொல்லக் கூடாது. உனக்கு எழுத வேண்டும் என்று கேட்டபோது, தன் பேரை எழுதிக்கொள்ளலாம் என்று சூசையப்பன் சொன்னார். வட்டவடைக்காரரும் தலையாட்டினார்.

சிக்கந்தர்


பாலக்காடு
20 நவம்பர் 1974

மும்தாஜின் அத்தாவுக்கு,

வேதக்கோயிலா? நம் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஒழுங்காக நிற்க முடியாதவருக்கு அங்கே போய் உட்காரத் தோன்றியிருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "குடிகாரங்க நாலு பேரு ஒண்ணாக் கூடினா அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்? அந்த வட்டவடைக்காரருக்கு மனைவி உண்டல்லவா, கதவைச் சாத்தியபோது அவள் எங்கே இருந்தாளாம்? நீங்கள் எழுதவில்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார். இருட்டத் தொடங்கினால் எனக்கு இன்னமும் காது படிக்கட்டுக்குப் போய்விடுகிறது. உங்கள் செருப்பு படியில் விழும் சத்தத்தை வைத்தே இன்று சோறு போடலாமா, மகளை அறைக்குள் அனுப்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்வேன். இந்தப் பின்கட்டுப் படியில் நீங்கள் ஏறியதே இல்லை. அப்படியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல ஒரு பெஞ்சு எனக்கு எங்கே போட்டிருக்கிறார்கள்?

மும்தாஜுக்குப் புதுநகரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், ஜவுளி வியாபாரம், பையன் பேர் கமால். விசாரிக்கிறார்கள். தகப்பனைப் பற்றியும் விசாரிப்பார்கள். அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சபியா


மூணாறு
16 பிப்ரவரி 1975

சபியா,

மூன்று மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. ஏன் என்று நீயே ஊகித்திருப்பாய்.

ஏலக்காய் எடுத்து வர முதலாளி என்னைப் போடிமெட்டுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டுப் பக்கம் சாராயக் கடைகளை மூடிவிட்டதால் போடிக்காரர்களெல்லாம் மலையேறி நம் எல்லைக்கு வந்து குடிக்கிறார்கள். ஜீப் வரத் தாமதமாயிற்று. கடை எதிரிலேயே இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, எனக்கு எந்தத் துக்கமும் இல்லை, அன்று மனசு சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுந்து போய்க் குடித்தேன். அவ்வளவுதான். ஏலக்காய் மூட்டை மழையில் நனைந்தது. என்னையும் மூட்டையையும் சேர்த்து ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு பல வாரம் குடிதான். முதலாளி துரத்தவில்லை; உன் அண்ணன் முகத்துக்காக வைத்திருந்தார். சூசையப்பன் கடைக்கு வந்து கடலைமிட்டாய் வாங்கும்போதெல்லாம் நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். போன வாரம் அவர் மிட்டாய்ப் பொட்டலத்தை வாங்கி, பாதியைப் பிரித்துத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்து வாத்தியார் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வட்டவடைக்காரர் வரவில்லை. குடித்துவிட்டு ஓடையில் கிடந்தாராம், காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்துவிட்டது. அவர் உட்காரும் இடத்தில்தான் எனக்கு இடம் விட்டார்கள்.

அவருடைய மனைவி எங்கே இருந்தாள் என்று நீ கேட்டாயே, இனிமேல் அவரிடம் கேட்க முடியாது.

சிக்கந்தர்


பாலக்காடு
11 ஏப்ரல் 1975

மும்தாஜின் அத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் காட்டவில்லை. எரித்துவிட்டேன். நீங்கள் ஒளிக்காமல் எழுதியது இதுதான் முதல் தடவை. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. அந்த வட்டவடைக்காரருக்காக ஃபாத்திஹா ஓதினேன். அவர் நம் மதமில்லை, இருந்தாலும் ஓதினேன்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. மே மாதம் நிக்காஹ்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தகப்பன் ஏன் மகளை விட்டு மூணாறில் இருக்கிறார் என்று அவர்கள் கேட்டபோது, அண்ணன் உங்களுக்கு நெஞ்சு நோய் என்று சொல்லிவிட்டார். டி.பி. என்று. மலைக்காற்றுக்காகவும் மற்றவர்களுக்கு ஒட்டாமல் இருப்பதற்காகவும் அங்கே வைத்திருப்பதாகச் சொன்னாராம். அவர்களும் மிகவும் வருத்தப்பட்டார்களாம். எனக்குத் தெரியாமல்தான் சொன்னார். தெரிந்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை. மும்தாஜும் திறக்கவில்லை. குடியைவிட டி.பி. மரியாதையாகப் போயிற்று நமக்கு.

நீங்கள் வந்தால் பொய் நிற்காது. உங்களைப் பார்த்தால் நோயாளி மாதிரி இல்லை. வந்த இடத்தில் பழையபடி ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மகளை நிக்காஹ் செய்து கொடுப்பது தகப்பனின் உரிமை. வர முடியாதவர் இன்னொருவருக்கு அதைக் கொடுத்து எழுதலாம் என்று ஹஜ்ரத் சொல்கிறார். அண்ணன் பேருக்கு எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்புங்கள்.

வர வேண்டாம் என்று நான் சொல்லுகிறேன். அண்ணன் சொல்லவில்லை, நான்தான் சொல்லுகிறேன்.

சபியா


மூணாறு
22 ஏப்ரல் 1975

சபியா,

எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் மகள் மும்தாஜை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமையை மொய்தீனுக்குக் கொடுக்கிறேன் என்று. மூணாறுப் பள்ளிவாசலில் இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். ஏன் போகவில்லை என்று ஒருவர் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

பச்சைப் பட்டு எடுக்காதீர்கள். அவளுக்குப் பச்சை பிடிக்காது.

சிக்கந்தர்


பாலக்காடு
30 மே 1975

மச்சானுக்கு, ஸலாம்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பச்சை எடுக்கவில்லை. கருநீலம் எடுத்தோம்.

நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். முற்றத்தில் ஹஜ்ரத் ஓதியது சன்னலில் கேட்டது. சிக்கந்தர் மகள் மும்தாஜ் என்று உங்கள் பேரைச் சொன்னார். நான் பக்கத்திலிருந்த மும்தாஜைப் பார்த்தேன். தலையைக் குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. அதன்பின் அண்ணன் குரல் கேட்டது. நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மகளைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

சம்பந்தியம்மா தங்கமானவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுக்க அங்க ஆள் இருக்குதுங்களா? தெனமும் ரெண்டு முட்டை குடுக்கச் சொல்லுங்க" என்றாள். தன் வீட்டில் ஐந்து வேளையும் உங்களுக்காக துஆ கேட்பதாகச் சொன்னாள். உங்களுக்கென்று பேரீச்சம்பழம் கட்டிக் கொடுத்தாள். அதை லாரியில் அனுப்பியிருக்கிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு இங்கே இனி என்ன வேலை என்று தெரியவில்லை.

சபியா


மூணாறு
23 ஜூன் 1975

அன்புள்ள சபியாவுக்கு,

இத்தனை நாளுக்குப் பிறகு என்னை மச்சானுக்கு என்று நீ எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிக்காஹ் அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே எனக்கு உடம்பு என் வசத்தில் இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரத்தோடே மேல் டிவிஷனுக்கு ஏறிப் போனேன். அறை பூட்டியிருந்தது. சூசையப்பன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ராமுத்தாய் எனக்குச் சோறு போட்டாள். ஒன்றும் கேட்காமல் போட்டாள். அவளும் இன்னும் சில பெண்களும் கூட்டம் நடக்கும் நேரத்தில் கோயில் தாழ்வாரத்தில் தனியாகக் கூடி உட்காருகிறார்கள், உனக்குத் தெரியுமா? குடிகாரர்களின் மனைவிமார்கள். எனக்கே அன்றுதான் தெரிந்தது. நீ கேட்ட பெஞ்சு அங்கே இருக்கிறது.

அன்று என் முறை வந்ததும் எழுந்தேன். "என் பேரு சிக்கந்தர். நான் ஒரு குடிகாரன். இந்நேரம் பாலக்காட்டுல என் மகளுக்கு நிக்காஹ்" என்றேன். யாரும் கை தட்டவில்லை. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், கூட்டம் முடியும்வரை விடவில்லை.

பேரீச்சம்பழம் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். என்னால் ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை.

மகளை எப்போது பார்க்கலாம்? அவசரமில்லை. நீ சொல்லும்போது.

சிக்கந்தர்


பாலக்காடு
2 ஆகஸ்ட் 1976

மச்சானுக்கு,

பேரன் பிறந்திருக்கிறான். யூசுஃப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு இங்கே அனுப்பவில்லை. நெஞ்சு நோய் இருந்த வீட்டிலிருந்து வந்தவள் என்று என்னைப் பார்த்தும் அவர்களுக்குப் பயம். குழந்தையைத் தூக்கும் முன்னால் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன், நீங்களும் அதிகம் கேட்கவில்லை. கடைச் சாவியை முதலாளி உங்களிடம் கொடுத்துவிட்டார் என்று அண்ணனே சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் மாறியிருந்தது. குழந்தையை ஒருமுறை காட்டிவிடலாம் என்று அவர்தான் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். நேராகப் புதுநகரத்திலேயே இறங்குங்கள், அவர் நிற்பார். வெளியே முற்றத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் வந்தால் அழுது எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவேனாம், வர வேண்டாம் என்கிறார்.

உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் தடுக்க மாட்டேன்.

சபியா


மூணாறு
24 ஆகஸ்ட் 1976

அன்புள்ள சபியாவுக்கு,

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அண்ணன் எப்படிச் சொன்னாரோ தெரியாது, நடந்ததை நானே எழுதுகிறேன்.

பலா மரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சம்பந்தி தூரத்திலிருந்தே ஸலாம் சொன்னார். அன்பாகத்தான் பேசினார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, எடை கூடியிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயா கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு வேலைக்காரப் பெண் தள்ளி நின்றுகொண்டாள். நான் குடித்து முடித்ததும் கண்ணாடித் தம்ளரைத் துணியால் பிடித்து எடுத்துப் போனாள். மதிலுக்குப் பின்னால் அது உடையும் சத்தம் கேட்டது.

மும்தாஜ் குழந்தையோடு படிக்கட்டில் வந்து நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். குழந்தைக்கு உன் நெற்றி. காற்று இந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சம்பந்தியம்மா அவளை மறு ஓரத்துக்கு நகர்த்தினாள். நான் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டேன். அவர்களுக்கு அது நிம்மதியாக இருந்ததைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் சமையல்கட்டில் மிளகாய் வறுத்த புகை வந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது, சபியா. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். மும்தாஜ் போகவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே. நின்று என்னையே பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். பிறகு அவளும் பின்னால் போனாள்.

அவள் செய்ததுதான் சரி. அவள் வாழ வேண்டிய வீடு அது. உன் அண்ணன் திரும்பி வரும் வழியில், "மாப்பிள்ளை, நான் இப்படி ஆவும்னு நெனைக்கலை" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அன்றுதான்.

பொள்ளாச்சியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது குடிக்காமல் மூணாறு போய்ச் சேர முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. எப்படியோ சேர்ந்தேன். சூசையப்பன் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் உண்மையைச் சொல்லாதே. உள்ளதைச் சொல்லத்தான் அந்த அறையில் கற்றுக்கொண்டேன். ஆனால் இதைச் சொன்னால் அடி அவள்மேல் விழும். நான் டி.பி.க்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு அது கஷ்டமில்லை.

சிக்கந்தர்


பாலக்காடு
19 செப்டம்பர் 1976

மச்சானுக்கு,

நீங்கள் கேட்டதைச் செய்யவில்லை. சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பல நாள் வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புதுநகரம் போனேன். சம்பந்தி, சம்பந்தியம்மா, கமால் மூவரும் இருந்தார்கள். மும்தாஜ் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு நெஞ்சு நோய் ஒண்ணும் இல்லைங்க. ஒருநாளும் இருந்ததில்லை. குடிச்சாரு. எங்க அத்தா மையத்துலகூடக் குடிச்சுட்டு நின்னாரு. அது வெளிய தெரியக்கூடாதுன்னு நாங்க பொய் சொல்லிட்டோம். இப்பக் குடிக்கறதில்லை" என்றேன்.

சம்பந்தியம்மாதான் கேட்டாள், "இனிமே குடிக்க மாட்டாருன்னு நீங்க குர்ஆன் மேல கை வச்சுச் சொல்லுவீங்களா?" என்று. கோபமாகக் கேட்கவில்லை. நான் சொன்னால் நம்பியிருப்பாள், அவள் முகத்திலேயே தெரிந்தது. சொல்லியிருந்தால் அடுத்த வாரமே நீங்கள் அந்த வீட்டுக்குள் போய்ப் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

"சொல்ல முடியாதுங்க" என்றேன். "இன்னைக்குக் குடிக்கலை. அதுதான் எனக்குத் தெரியும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். டி.பி.க்காரரைத் தூரத்தில் வைத்தாவது பார்க்கலாம், இது அப்படி இல்லை என்று சம்பந்தி சொன்னார். வீட்டில் இன்னும் கல்யாணமாகாத பெண் இருக்கிறாள், தயவுசெய்து இனிமேல் அவர் வர வேண்டாம், நீங்களும் கொஞ்ச நாள் வராமல் இருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கமால் என் பக்கம் திரும்பவே இல்லை.

மும்தாஜ் வாசல் கேட் வரை வந்தாள். "ஏம்மா சொன்னே? அத்தாதான் பொறுத்துக்கிட்டாரே" என்றாள். அழவில்லை. என்னால் பொறுக்க முடியலை என்றேன். அது அவளுக்குப் புரிந்திருக்காது. அவளும் பத்து வருஷம் அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டவள்தான். ஆனால் அவள் மறந்துவிட வேண்டும் என்று நினைக்கிறாள். குழந்தையை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் தாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். நான் அந்தத் தம்ளர் உடைகிற சத்தத்தைக் கேட்கவில்லை, கபர்ஸ்தானைப் பார்க்காத மாதிரியே. அதனால் அதையும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன், பொறுக்காமல்தான் போனேன். மகளுக்குக் கெடுதல் செய்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. செய்திருக்கலாம்.

அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பின்கட்டுக்கு வந்து, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். மூணாறு போகிறேன் என்றேன். அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது. குடித்தால் திரும்பி வந்துவிடு, அறை அப்படியே இருக்கும் என்றார்.

கடைக்கு மேலே மூட்டைகளுக்கு நடுவில் என்னால் படுக்க முடியாது. எஸ்டேட் பக்கம் ஒரு அறை கிடைக்குமா என்று ராமுத்தாயிடம் கேட்டுவையுங்கள். நான் உங்களை முழுக்க நம்பி வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் அங்கே இருக்கலாம் என்றுதான் வருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறேன். உடுமலைப்பேட்டை வரை அண்ணன் வந்து ஏற்றிவிடுவார். அங்கிருந்து தனியாக. இவ்வளவு தூரம் நான் தனியாக வந்ததில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள்.

சபியா